வெளியே போய் நிற்கிற சேர்

பணிப்பாளர் சேருக்கு வயிற்றில் ஏதோ வருத்தம் என்றுதான் எங்கள் அரசாங்கக் கந்தோரில் முதலில் கதை பரவியது.

கிராமங்களில் பெண்களுக்குக் கூட்டம் வைத்தால், வெள்ளைத் துணி விரித்த கதிரையில் அவரை உட்காரவைத்துக் கையில் சர்பத் கொடுப்பார்கள். ஸலாமும் வணக்கமும் சொல்லி, வந்த காரியத்தை நாலு வார்த்தையில் முடிப்பார். பிறகு எழும்பி வெளியே போய்விடுவார். கூட்டம் கலையும்வரை உள்ளே வரமாட்டார். ஜன்னலால் எட்டிப் பார்த்தால், ஜீப் நிற்கிற மரத்தடியில் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருப்பார். கோதுகளை நிலத்தில் போடமாட்டார். சேர்ட் பொக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார்.

வயிற்று வருத்தம் என்றார்கள். சிகரெட் பழக்கமாக இருக்கும் என்றார்கள். பொம்பிளைகள் கதைப்பதைக் கேட்கப் பொறுமையில்லை, பெரிய உத்தியோகத்தர்கள் அப்படித்தான் என்றும் சிலர் சொன்னார்கள். மூன்றும் பிழை. அந்தப் பழக்கம் தொடங்கிய நாள் எனக்குத் தெரியும். தொடக்கிவைத்ததே நான்தான்.

அவர் எங்கள் கந்தோருக்குத் திட்டமிடல் பணிப்பாளராக வந்தபோது, நான் அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தராகச் சில வருடங்கள் கழித்திருந்தேன். பெண்கள் விவகாரம் என் மேசை. 'பெண்' என்ற சொல் உள்ள கடதாசியெல்லாம் என்னிடம் வரும். ஆனால் கடைசியாக வரும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிந்த பிறகு, என்னுடையது மட்டும் மிச்சம் என்ற நிலையில் வரும். ஒவ்வொரு திட்டத்தின் கோப்பிலும் பின்பக்கம் ஒரு கேள்வி இருந்தது: இத்திட்டம் ஆண்களையும் பெண்களையும் எவ்வாறு பாதிக்கும்? அதற்கு ஒரே ஒரு பதில்தான். 'இருபாலாரும் சமமாக நன்மையடைவர்.' விளையாட்டு மைதானத்துக்கும் அதுதான், வடிகானுக்கும் அதுதான்.

சந்தைக்குக் கூரை போடும் திட்டத்தில் அந்த வரியைக் கண்டு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், இத ஆரு எழுதின?"

"கம்பியூட்டர்ல இரிக்கி சேர். எல்லாத்துக்கும் அதத்தான் போடுற."

"கம்பியூட்டர் போய்ச் சந்தைப் பொம்புளைகளிட்டக் கேட்டதா?"

நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யாராவது கேட்டார்களா என்று அறிய விரும்பினார். இல்லை என்றேன்.

"எனக்கும் தெரியா. அப்ப கேப்பம்," என்றார்.

'எனக்குத் தெரியா, கேப்பம்.' இந்த வார்த்தையை அதற்குமுன் எந்தப் பணிப்பாளரின் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. பதில் இல்லாத இடத்தில் சத்தத்தை உயர்த்துகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சந்தையில் மரக்கறியும் கருவாடும் விற்கும் பெண்களைக் கூட்டினோம். அவர் முன்னால் இருந்து பொறுமையாகக் கேட்டார். "கூரை போட்டா நல்லமா? வேற என்ன வேணும்?" பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் நல்லம் சேர்" என்றார்கள். திருப்பிக் கேட்டாலும் அதே பதில். முன்னால் இருந்த ஒரு பெண் "கூரை போடுற உங்களுக்கு அல்லாஹ் றஹ்மத்துச் செய்யட்டும்" என்று துஆவும் கேட்டாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவர் சந்தோசமாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர், ஒண்டு சொன்னாக் கோவிக்கக்கூடா. நீங்க இரிக்கக்குள்ள அவங்க கதைக்க மாட்டாங்க."

டிரைவர் கண்ணாடியால் என்னைப் பார்த்தார். இவளுக்கு இன்றைக்கு என்ன பிடித்தது என்பதுபோல.

"நான் ஏசுற ஆளா மிஸ்?"

"ஏசாட்டியும் நீங்க சேர்தானே."

அவர் முகம் அடிவாங்கியதுபோல ஆகிவிட்டது. சரி, தூர இடமொன்றுக்கு எனக்கு இடமாற்றம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை அதே பெண்களைத் திரும்பவும் கூட்டச் சொன்னார். வந்து ஸலாம் சொன்னார். எழும்பினார். வெளியே போனார்.

அவர் வாசல் படலையைத் தாண்டியதுதான் தாமதம். போனமுறை துஆ கேட்ட அதே பெண் என் பக்கம் திரும்பி, "என்னத்துக்குகா கூரை?" என்றாள். "நாங்க விடிய சுபஹுக்கு வந்து குந்தினா பகல் லுஹர் தாண்டித்தான் போறம். அதுமட்டும் தண்ணி ஒரு சொட்டுக் குடிக்கிறல்ல. குடிச்சா எங்க போற? இஞ்ச பொம்புளைகளுக்கு ஒரு கக்கூஸ் இரிக்கா?" பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சலக்கடுப்பு, டொக்டர், மருந்து. வெயிலில் வறண்ட வாயோடு விலை சொல்வது. வருடக்கணக்காகச் சந்தைக்குப் போய் வருகிறேன், எனக்கே அது தெரியாது.

மரத்தடிக்குப் போய் அவரிடம் சொன்னேன். உடைத்த கச்சானைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "தண்ணி குடிக்கிறல்லயா?" என்று மட்டும் கேட்டார். கந்தோருக்கு வந்து, சந்தையின் வரைபடத்தைத் திருத்தாமல் தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கூரை கொஞ்சம் சிறிதாகிவிட்டது. மூலையில் இரண்டு மலசலகூடங்களும் ஒரு தண்ணீர்க் குழாயும் வந்தன.

அந்த நாளிலிருந்துதான் வெளியே போய் நிற்கத் தொடங்கினார். அதைப் பெரிய கொள்கையாக அவர் யாருக்கும் விளக்கவில்லை. யாராவது கேட்டால், "நான் போனாத்தான் கூட்டம் தொடங்கும்" என்பார்.

வீட்டிலும் அப்படித்தானாம். மகளுக்குச் சம்பந்தம் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்த கதையை அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். பெரிய ஆட்கள் எல்லோரும் கூடியிருக்க, "மகளிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டாராம். வந்தவர்கள், இவர் கோபித்துக்கொண்டு போவதாக நினைத்துப் பயந்துபோனார்களாம். "மகள் வேணாம் எண்டுட்டா மிஸ்," என்றார் மனைவி. "பிறகு வந்த மாப்பிள்ளைக்குத்தான் ஓம் எண்ட. இவரு ரெண்டு தரமும் முத்தத்திலதான் நிண்ட."

சேர் பக்கத்திலிருந்து சிரித்தார். "எங்கட பகுதி ஆம்புளைக்கு இது புதிசா மிஸ்? கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து பொஞ்சாதிர வீட்டிலதானே இரிக்கம். வீடும் அவட, வளவும் அவட. நான் விருந்தாளி. விருந்தாளிக்கு எழும்பிப் போகத் தெரியணும்."

"கச்சான் கோதப் பொக்கட்டுக்குள்ள போட்டுட்டு வாற விருந்தாளி," என்றார் மனைவி. "உடுப்புக் கழுவுறது நான்தான்."

"இல்ல, வெள்ளிக்கிழமையில நான்தான் கழுவுற," என்றார் இவர், கொஞ்சம் ரோசத்தோடு.

வாய்க்கால் விசயம் வந்தது சந்தை வேலைக்கு அடுத்த வருடம்.

நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பழைய மண்வாய்க்கால். கரை இடிந்து, தண்ணீர் பாதி வழியிலேயே ஊறிப்போகும். கடைசி வட்டையில் வயல் செய்கிறவர்களுக்குப் போய்ச் சேராது. இரண்டு பக்கமும் கொங்கிறீட் போட்டுச் சரிவாகக் கட்டுவது திட்டம். நல்ல திட்டம். அந்த விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. வரைபடம் எங்களிடம் வந்தபோது சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில இறங்கிற இடம் எங்க?"

வாய்க்கால் வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் வந்திருந்தார். இளம் ஆள், வேலையில் சுத்தம். "அங்க ஆரும் குளிக்கிறல்ல சேர். மூணு தரம் போய்ப் பாத்த. விவசாய அமைப்பிலயும் கேட்ட. தேவையில்லயாம்."

"எத்தின மணிக்குப் போன?"

"காலம்பற, ஒரு பத்து மணிபோல."

"எதில?"

"ஜீப்பில சேர்."

சேர் சிரித்தார். "ஜீப்புச் சத்தம் வட்டைக்குள்ள எவ்வளவு தூரம் கேக்கும் தம்பி? நீங்க போய் இறங்கக்குள்ள அங்க ஒருத்தரும் இல்லாம இரிக்கிறதுக்குக் காரணமே நீங்கதான். நான் போனாலும் அப்பிடித்தான். நம்மளால அதப் பாக்க ஏலா."

பிறகு, "இந்த வரைபடம் கீறின ஆள் ஆரு?" என்று கேட்டார்.

கீறியது காரைதீவைச் சேர்ந்த சுகன்யா என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவள் ஒருநாளும் அந்த வாய்க்காலைக் கண்டதில்லை. களத்துக்கு ஆண்கள் ஜீப்பில் போவார்கள், அளந்து வருவார்கள், அவள் மேசையிலிருந்து கீறுவாள். அதுதான் வழக்கம். "அவவும் எங்கட மிஸ்ஸும் போகட்டும்," என்றார் சேர். "பின்னேரம், அஸருக்குப் பிறகு. ஸ்கூட்டில."

சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் சேரும் பொறியியலாளரும் நின்றுகொள்ள, நானும் சுகன்யாவும் ஸ்கூட்டியில் வாய்க்கால் கரையால் போனோம். ஒரு வளைவு திரும்பியதும் சுகன்யா பிரேக் பிடித்தாள்.

வாய்க்கால் நிறையப் பெண்கள். மார்புக்குமேல் துணி கட்டிக் குளிக்கிறவர்கள், கல்லில் உடுப்பு அடிக்கிறவர்கள், நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஊர்க்கதை கதைக்கிறவர்கள். தமிழ் ஆட்களும் எங்கள் முஸ்லிம் ஆட்களும் ஒரே துறையில். படுக்கையில் கிடக்கும் தகப்பனின் விரிப்புகளை ஒருத்தி அலசிக்கொண்டிருந்தாள். வயிறு தள்ளிய ஒரு பெண், மருதமரத்து வேரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கினாள். சுகன்யா அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கீறிய வரைபடத்தில் அந்த மரமே இல்லை.

கொங்கிறீட் போடப்போகும் கதையைச் சொன்னோம். உடுப்பு அடித்துக்கொண்டிருந்த மூத்த ராத்தா ஒருவர் நிமிர்ந்தார்.

"போடுங்க. வேணாமெண்டு ஆரு சொன்ன? தண்ணி வந்தா வெள்ளாமை விளையும், எங்கட புள்ளயளும்தான் தின்னும். ஆனா கீழ்க்கண்டத்து வாய்க்கால்ல போட்ட மாதிரிப் போட்றாதீங்க. அதில இறங்கினா ஏற ஏலா. பாசி. போன மழைக்கு ஒரு புள்ள வழுக்கி உள்ளுக்குப் போய், பிடிக்க ஒண்டுமில்லாம உருண்டுக்கிட்டுப் போச்சு. வட்டைக்குள்ள நிண்ட ஆம்புளயள் கண்டதால புடிச்ச. அல்லாட காவல்."

"வீட்டுக் கிணறு இல்லயா ராத்தா?"

"உப்புச் சவர் தண்ணி. வேனில்ல அதுவும் இல்ல. எங்களுக்கு இறங்கி ஏற ஒரு வழி வைங்க மிஸ். வேறொண்டும் கேக்கல்ல."

சந்திக்குத் திரும்பினோம். தேத்தண்ணிக் கடையிலேயே, ஒரு பத்திரிகைக் கடதாசியின் ஓரத்தில் சுகன்யா படிகள் கீறத் தொடங்கினாள். பொறியியலாளர் குனிந்து பார்த்தார். "இத முதலே சொல்லியிருந்தா லேசு," என்றார். "முதலே ஆரும் என்னைக் கூட்டிக்கொண்டு போகல்லயே," என்றாள் அவள். சேர் தேத்தண்ணிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோசம் ஓடியது.

இதுவரைக்கும் நான் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் நல்லது. அடுத்து நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டம் நடந்தது. நீளமான மேசை, சுற்றிவரப் பெரிய உத்தியோகத்தர்கள், விவசாய அமைப்புத் தலைவர், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை. என்னையும் சுகன்யாவையும் தவிர எல்லோரும் ஆண்கள். வாய்க்காலின் முறை வந்தது. சேர் பேசப்போகிறார் என்று நாங்கள் இருந்தோம். அவர், "இத நேர்ல பாத்தவங்க கதைக்கட்டும்" என்று சொல்லி எழும்பினார். வெளியே போய்விட்டார்.

சுகன்யா தொடங்கினாள். இரண்டாவது வசனத்திலேயே ஒருவர் குறுக்கிட்டார். மதிப்பீடு முடிந்துவிட்டதாம். படிக்குப் போகும் காசில் இன்னும் கொஞ்சத் தூரம் கொங்கிறீட் போடலாம் என்றார் வட்டவிதானை. அவரைக் குற்றம் சொல்ல ஏலாது, கடைசி வட்டையில் அவருடைய ஆட்களின் பயிர் கருகியிருந்தது. "பொம்புளையள் குளிக்கிறதுக்கெல்லாம் கூட்டத்தில கதைக்கணுமா?" என்று யாரோ சொல்ல, மேசை முழுவதும் சிரித்தது. சுகன்யாவின் சத்தம் உள்ளே போய்விட்டது. நான் பேசினேன். பேசுகிறேன் என்றுதான் நினைத்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. "அடுத்த கட்டத்தில பாப்பம்," என்று தலைமை தாங்கியவர் சொல்ல, வேறு விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் விறாந்தையில் நின்றிருந்தார். கையில் கச்சான்.

"முடிஞ்சுதா மிஸ்?"

"முடிஞ்சு. எங்களப் பாத்துச் சிரிச்சு முடிஞ்சு." எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் இன்னும் கோபம் வந்தது. "சேர், பொம்புளைகளுக்கு முன்னால நீங்க எழும்பி வெளிய போறது சரி. ஆம்புளைகளுக்கு முன்னால எங்கள விட்டுட்டு எழும்பி வெளிய போறது சரியில்ல. அங்க நீங்க இருந்தா அவங்க கதைக்க மாட்டாங்க. இஞ்ச நீங்க இல்லாட்டி எங்கள ஆரும் கதைக்க விடமாட்டாங்க. ரெண்டும் ஒண்டா?"

அவர் என்னைப் பார்த்தார். ஜீப்பில் அன்றைக்குப் பார்த்த அதே முகம். அடிபட்ட முகம், ஆனால் கோபம் இல்லை.

"இல்ல," என்றார். "ஒண்டில்ல. நான் அத யோசிக்கல்ல."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன். கூட்டம் வேறு எங்கோ போயிருந்தது. அவர் தன் கதிரையில் உட்கார்ந்து, "முந்தின விசயம் முடியல்ல," என்றார்.

"அது முடிஞ்சு போச்சு," என்றார் தலைமை தாங்கியவர்.

"நான் வெளிய போனது பிழை. மன்னிக்கணும். இந்தக் கோப்பில இருபாலாருக்கும் சமமா நன்மை எண்டு ஒரு வரி இரிக்கி. அதுக்குக் கீழ நான் கையெழுத்து வைக்கணும். அது பொய். வைக்கமாட்டன்."

அந்தக் கையெழுத்து இல்லாமல் கோப்பு நகராது. மதகை அடைத்துத் தண்ணீர் பூட்டியிருக்கும் கொஞ்ச நாளுக்குள்தான் வாய்க்கால் வேலை செய்யலாம். அதைத் தவறவிட்டால் காசு திரும்பிப் போகும். வட்டவிதானை எழும்பியேவிட்டார். "சேர், எங்கட வயித்தில அடிக்கிறீங்களா?"

"இல்ல காக்கா. உங்கட ஊட்டுப் பொம்புளையள்தான் அதில குளிக்காங்க. இவங்க ரெண்டு பேரும் கண்டதச் சொல்லட்டும். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. சொல்லி முடியுமட்டும் நான் இஞ்சதான் இரிப்பன்."

இருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு, யார் குறுக்கே வாய் திறந்தாலும் அந்த ஆளைப் பார்த்தார். சுகன்யா எழும்பினாள். மருதவேரைப் பற்றிச் சொன்னாள், பிடிக்க ஒன்றுமில்லாமல் உருண்டுபோன பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பிள்ளையைப் பிடித்தவர்களில் வட்டவிதானையும் ஒருவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார். "அது மெய்தான்," என்றார். பிறகு பொறியியலாளர், யாரும் கேட்காமலே, "படி வைக்கலாம். வேலை பிந்தாது," என்றார்.

நாங்கள் கேட்டது ஐந்து இடத்தில். கிடைத்தது இரண்டு. கொங்கிறீட் வேலையில் மருதமரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கவலைதான்.

அதற்குப் பிறகு எங்கள் கந்தோரில் சில விசயங்கள் மாறின. ஆண்களையும் பெண்களையும் பற்றிய அந்தக் கேள்வி கோப்பின் பின்பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வந்தது. வரைபடம் கீறுவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்தது. கீறுகிற ஆள் இடத்தைப் பார்க்காமல் கீறக்கூடாது என்றானது. கம்பியூட்டரில் இருந்த வரியை அழிக்கச் சொன்னார். எங்கள் கிளார்க் அதை வேறொரு பெயரில் ஒளித்து வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. அவசரத்துக்கு உதவும் என்றாராம். சேர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கூட்டங்களில் அவர் முன்போலவே வெளியே போனார். ஆனால் போகுமுன் என் பக்கம் ஒருதரம் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் போவார். ஆட்டாவிட்டால் இருப்பார்.

அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வந்தது. வாய்க்கால் விசயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார்கள். இருக்கலாம்.

போவதற்கு முன், நாவிதன்வெளியில் ஒரு வேலை முடித்துத் திரும்பும் வழியில், "அந்தப் படி எப்பிடி இரிக்கி மிஸ்? நான் ஒருநாளும் பாக்கல்லயே," என்றார். உச்சி வெயில். இந்த நேரம் யாரும் இருக்கமாட்டார்கள், வாங்க என்றேன். ஜீப்பைச் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்தோம். அவர் முன்னால், நான் கொஞ்சம் பின்னால்.

என் கணக்குப் பிழைத்துவிட்டது. வளைவுக்கு இந்தப் பக்கத்திலேயே பெண்களின் சத்தம் கேட்டது. அவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். திரும்புவதற்குள், ஈர உடுப்பு நிறைந்த வாளியோடு ஒரு இளம்பெண் வளைவைத் திரும்பி வந்தாள். அவளுக்கு எங்கள் இருவரையும் தெரியாது.

"ஆரு நீங்க?" என்றாள், வாளியைக் கீழே வைத்து. "கண் தெரியல்லயா? பொம்புளையள் குளிக்கிற துறை இது. இஞ்சால என்ன வேல உங்களுக்கு?"

"தெரியாம வந்துட்டன் மகள்."

"வயசு போன ஆள், தெரியாம வாறதா? போங்க அங்கால!"

நான் வாயைத் திறந்தேன். இவர் யார் தெரியுமா என்று கேட்கத்தான். அவர் கையை இலேசாக உயர்த்தி என்னைத் தடுத்தார். "போறன் மகள், போறன்," என்று சொல்லி வேகமாக நடந்தார். அவள் விடவில்லை. நாங்கள் சந்திப் பக்கம் திரும்பும்வரை பின்னாலிருந்து சத்தம்போட்டுக்கொண்டே நின்றாள்.

ஜீப்பில் ஏறியதும் டிரைவர் கேட்டார். "என்ன சேர், பாத்தாச்சா?"

"இல்ல," என்றார் அவர். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஒரு புள்ள ஏசிக் கலைச்சிட்டா. நல்லா ஏசினா."